சூலம் போட்ட வால்வு

ரேடியோ வால்வைக் கண்டிராதவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மின்சார பல்ப் மாதிரி ஒரு கண்ணாடிச் சாமான். உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். அடியில் எட்டுக் கால். அம்பிளிபையரில் செருகிச் சூடேறவிட்டால், மைக்கில் ஒருவர் பேசுவது ஊருக்கெல்லாம் கேட்கும். பேசுகிறவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கேட்கும். அதற்கு வால்வு பொறுப்பில்லை.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளை மையால் சில அடையாளங்கள் போட்டிருப்பார்கள். என்ன வகை என்பதற்கு ஓர் எண், செய்த தொழிற்சாலைக்கு இரண்டு எழுத்து, யாருக்காகச் செய்தது என்பதற்கு ஒரு குறி. எண்ணைப் பார்த்துத்தான் வால்வு வாங்க வேண்டும், எண்ணைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். திருகோணமலையில் அந்த எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் குறியையே பார்த்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவன் நான், பயத்தில்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, இங்கிலாந்து நேவிக்காரர் இருந்த காலத்தில் துறைமுகத்து டொக்யாட் ஸ்டோரில் கிடைத்த வேலை அம்பு போடுவது. தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து மேலே கறுப்புப் பெயின்ற் பூசினால், மூன்று கோடுகள் உச்சியில் ஒரு முனையாகச் சேர்ந்து நிற்கும், சேற்றில் கோழி நடந்த அடி மாதிரி. அது இங்கிலாந்து அரசருடைய அடையாளம். மண்வெட்டி, வாளி, கதிரை, கக்கூஸ் மூடி, எதுவானாலும் அது அரசருடையது என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒருநாளும் வந்து உட்காரப்போகாத எத்தனையோ சாமான்களுக்கு நான் அவரைச் சொந்தக்காரர் ஆக்கியிருக்கிறேன்.

ஒற்றை அம்பு போட்ட சாமானோடு கேற்றுக்கு வெளியே பிடிபட்டால் மறியல், சிறைதான். சாமானை விற்றுவிட்டால், முதல் அம்பின் மூக்கில் மூக்கு முட்டும்படி இன்னோர் அம்பைத் தலைகீழாகப் போட்டு வெளியே விடுவோம். இரண்டு அம்பு என்றால் விற்றது. ஒன்று என்றால் களவு. படிக்காதவனுக்கும் விளங்குகிற சட்டம். எனக்கு அது தேவைக்கு அதிகமாகவே விளங்கியிருந்தது. முற்றத்து ஈர மண்ணில் கோழி நடந்திருப்பதைக் கண்டாலும் நெஞ்சு ஒருக்கா அடித்துக்கொள்ளும்.

நேவிக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய காலத்தில் என் வேலையும் அவர்களோடு போனது. அம்பு போட அரசர் வீட்டுச் சாமான் இல்லாத ஊரில் அம்பு போடுகிறவன் எதற்கு? மிஞ்சியதைக் குவியல் குவியலாக ஏலத்தில் விட்டார்கள். ஊரே திரண்டு போய் வாங்கியது. கம்பளிப் போர்வை எடுத்தவர்கள் சித்திரை வெயிலிலும் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள், மலிவாகக் கிடைத்ததை வீணாக்கக் கூடாது என்று. என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், ஒரு மரப்பெட்டியைக் கேட்டு எடுத்தான். பெட்டியோடு கொடுத்த துண்டுச் சீட்டில் ‘பழைய மின்சாரச் சாமான், ஒரு குவியல்’ என்று மட்டும் இருந்தது.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தோம். ஓர் அம்பிளிபையர், இரண்டு கொம்பு ஸ்பீக்கர், மரச்சீவலுக்குள் புதைத்த வால்வுகள். பெட்டிக்கு வெளியே இரண்டு அம்பு, மூக்கோடு மூக்கு. அது நானே போட்டது. உள்ளே வால்வுகளில் ஒற்றை அம்பு.

“இதை நாங்கள் வைச்சிருக்க ஏலாது,” என்றேன்.

“ஏன் அத்தான்?” என்றான் மச்சான்.

“ஒற்றை அம்பு. களவெண்டு சொல்லுவாங்கள்.”

“பெட்டியில ரெண்டு அம்பு கிடக்குத்தானே. பிலாப்பழம் வாங்கினால் கொட்டைக்கும் தனியத் துண்டு கேக்கிறதோ?”

குசினிக்குள் இருந்து மனைவி சொன்னாள்: “அவருக்குப் பயப்பிட ஒண்டு வேணும், தம்பி. இல்லாட்டிச் சோறு செமிக்காது.”

ஈரத் துணியால் ஒருதரம் துடைத்தால் போதும், அந்த மை போய்விடும். துடைக்கலாமா என்று நான் பலதரம் துணியை நனைத்தேன். ஆனால் அரசாங்கத்து அடையாளத்தை அழிப்பது இன்னொரு குற்றமாகிவிட்டால்? ஒரு குற்றத்துக்கே நான் தயாராக இல்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

அம்பிளிபையரை மச்சான் திருத்தி ஓடவைத்தான். லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடத் தொடங்கினோம். முதலில் கிடைத்த பெரிய வேலை சல்லிப் பக்கம், கடற்கரையோரத்து அம்மன் கோயில் ஒன்றில். கோயில் சபைத் தலைவர் ஒரு கரைவலைச் சம்மாட்டியார். வலையும் தோணியும் ஆட்களும் அவருடையவை. அந்தக் கரையில் மீன்கூட அவரைக் கேட்டுத்தான் வரும் என்பார்கள். செட்டைப் பூட்டும்போது அவர் வந்து பக்கத்தில் நின்று, ஒரு வால்வைக் கையில் எடுத்தார். கூரையில் பல்ப் தொங்குவதைத்தான் அவர் கண்டிருக்கிறார். ஆகவே காலை மேலேயும் கண்ணாடியைக் கீழேயும் பிடித்தார். அப்படிப் பிடித்தால் அம்பு கவிழ்ந்துவிடும். மூன்று கோடுகளும் மேலே விரிந்து நிற்கும்.

“தம்பி, இது சூலமெல்லோ?” என்றார் சம்மாட்டியார்.

நான் வாயைத் திறந்தேன். மச்சான் முந்திக்கொண்டான். “ஓம் ஐயா.”

“ஆர் போட்டது?”

“நாங்கள் போடேல்லை ஐயா. வரேக்கையே கிடந்தது.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியாது. மச்சானுடைய பொய்களை ஒவ்வொரு சொல்லாகக் கழற்றிப் பார்த்தால் எல்லாச் சொல்லும் உண்மையாக இருக்கும்.

சம்மாட்டியார் வால்வைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். முந்தின திருவிழாவில் வேறொருவருடைய புதுச் செட் பாதியில் எரிந்துபோயிருந்தது. எங்கள் செட் கடைசிவரை பாடியது. அந்தமுறை ஜெனரேற்றர் ஒழுங்காக ஓடியதுதான் காரணம். ஆனால் ஜெனரேற்றரில் சூலம் இல்லை. ஆகவே அதற்கு ஒருவரும் மாலை போடவில்லை. மாலையும் சந்தனப் பொட்டும் அம்பிளிபையருக்குப் போயின. விபூதி வால்வின் காலடியில் கொட்டியதில் செட் கரகரவென்று இரைந்தது. அம்மன் பேசுகிறா என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

அடுத்த திருவிழாவில்தான் சிக்கல் வந்தது. சம்மாட்டியார் செட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, சூலம் கவிண்டு நிக்குது.”

“வால்வு அப்பிடித்தான் ஐயா நிக்கும். கால் கீழ.”

“கால் எங்கையும் நிக்கட்டும். சூலம் கவிண்டு நிண்டால் ஊருக்குக் கூடாது. போன வரியம் மீன் குறைஞ்சது ஏனெண்டு இப்பத்தான் எனக்கு விளங்குது.”

கரைவலைக் கயிற்றால் அம்பிளிபையரைக் கட்டி, பந்தல் வளையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். உலகத்தில் வேறெங்கும் ஓர் அம்பிளிபையரை வௌவால் மாதிரித் தொங்கவிட்டிருப்பார்களோ தெரியாது. சூடேறிய வால்வு கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில், நான் அடியில் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தவர்கள் துவாயில் பூப் போட்டார்கள். ஓர் அம்மா கற்பூரமும் போட்டா, நல்லவேளை கொளுத்தாமல்.

‘சூல வால்வு செட்’ என்ற பெயர் நிலாவெளி வரைக்கும் போனது. அந்தப் பெயர் ஒவ்வொரு வாயிலும் ஏற ஏற எனக்கு மறியல் வாசல் கிட்ட வருவது போல இருந்தது. களவுச் சாமானை ஒளித்துவைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பந்தலில் தொங்கவிட்டு ஊர்கூட்டிக் காட்டுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பெயர் கோயில் பக்கத்தில் நல்லது செய்ததைப் போல மற்றப் பக்கத்தில் கெடுதலும் செய்தது. கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பங்கின் திருநாள் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

“பிழையா நினைக்கவேண்டாம். உங்கட செட் நல்ல செட். ஆனால் சூலம் போட்ட சாமானுக்குள்ளால செபமாலை சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை.”

“சூலம் இல்லாததும் இருக்கு மூப்பர்,” என்று மச்சான் மரச்சீவலுக்குள் கையை விட்டான்.

அந்தப் பெட்டியில் சீனன்குடா விமானத் தளத்துச் சாமானும் கலந்திருந்தது. அந்த வால்வுகளில் அம்பு இல்லை; ஒரு கிரீடமும் அதன் கீழே ஏ, எம் என்று இரண்டு ஆங்கில எழுத்தும் இருந்தன. ஆகாயப்படை அமைச்சு என்பதன் சுருக்கம் அது. மூப்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அவர் வால்வைக் கால் கீழே வரச் சரியாகத்தான் பிடித்தார்.

“முடி,” என்றார். வால்வைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். “ஏ, எம். அவே மரியா.”

“நாங்கள் சைவக்காரர் மூப்பர். எங்களுக்கு உதுகள் தெரியாது. நீங்கள் சொன்னால் சரி,” என்றான் மச்சான். இதிலும் பொய் இல்லை.

மூப்பர் இன்னும் கீழே வாசித்தார். “பத்து எண்டு கிடக்கு. பத்துக் கற்பனை, ஆண்டவர் மோசேக்குக் குடுத்த கட்டளை.”

“பக்கத்தில ஈ எண்டு ஒரு இங்கிலீஸ் எழுத்தும் கிடக்கே,” என்று நான் கேட்டுவிட்டேன். தெரியாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

மூப்பர் என்னைப் பார்த்தார். “ஏவாள். இங்கிலீசில ஈவ். கற்பனையை முதல்ல மீறினவள் அவள்தானே.”

விமானப்படை ஸ்டோரில் வால்வுக்குப் போட்டிருந்த இலக்கம் அது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக்குச் சூலம், ஞாயிற்றுக்கிழமைக்கு முடி. இரண்டு சோடி வால்வையும் தனித்தனி மா ரின்னில், அதாவது மாவுத் தகரத்தில், வைத்தேன். மாறிப்போயிற்றோ என்று வழியில் இறங்கி இறங்கிப் பார்ப்பேன். சைக்கிளில் சுமந்து வருகிற மச்சான் ஒவ்வொரு முறையும், “அத்தான், அதுகள் ஒண்டையொண்டு மதம் மாத்தாதுகள், வாங்கோ,” என்பான்.

ஒருதரம் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் வியாபாரி வீட்டுக் கல்யாணம். செட்டைப் பாதையில், அதாவது ஆள் கடத்துகிற மிதவையில், ஏற்றி, கங்கை கடந்து போனோம். மச்சானுக்குப் பழக்கதோசம். வால்வின் தலைக்குள் தெரியும் வெள்ளிப் பூச்சைக் காட்டி, “நானா, இது பிறை மாதிரி இல்லையோ?” என்று தொடங்கினான்.

வியாபாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, மாப்பிள்ள வாசலுக்கு வந்துட்டார், பாட்டு இன்னும் வரல்ல. உள்ளுக்குப் பிறை தெரிஞ்சா என்ன, பேய் தெரிஞ்சா என்ன? பாட்டப் போடுங்க.”

வால்வைப் பற்றி அந்தக் காலத்தில் நான் கேட்ட ஒரே தெளிவான பேச்சு அதுதான்.

மாதா திருநாள் அன்று முடி வால்வு ஒன்று செத்துப்போனது. மாதாவின் சுருவத்தை, சிலையை, ஊர்வலத்துக்கு எடுக்கிற நேரம். கையில் இருந்தது அம்பு வால்வு மட்டும். மச்சான் யோசிக்காமல் செருகினான். கோயிலில் கவிழ்ந்து தொங்கிச் சூலமாக இருந்தது, இங்கே கால் ஊன்றி நின்றபோது அப்பட்டமான அம்பாகவே இருந்தது. வால்வைத் திருப்பி அடையாளத்தை மறைக்க ஏலாது. கால்களுக்கு நடுவில் சாவி மாதிரி ஒரு முனை உண்டு, ஒரே பக்கமாகத்தான் இறங்கும். ஆகவே மச்சான் செட்டையே திருப்பி, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து வைத்தான். சத்தம் கூட்டுகிற குமிழ்களும் சுவர்ப் பக்கம் போய்விட்டன. நான் சுவருக்கும் செட்டுக்கும் நடுவே கையை நுழைத்துக்கொண்டு, பிரசங்கம் முழுவதும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார். சல்லியில் முதலில் எரிந்துபோன புதுச் செட்டின் சொந்தக்காரர். கொழும்பிலிருந்து செட் இறக்கியதால் அவரைக் கொழும்புச் செட்டுக்காரர் என்போம். எங்களால் கோயில் வேலையும் திருநாள் வேலையும் கைவிட்டுப் போனவர். அதற்கு முன் டொக்யாட்டில் கிளாக்காக இருந்தவர்.

“என்ன, செட் சுவரோட கோவமோ?” என்று சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “அட, உது எங்கட பழைய அம்பெல்லோ,” என்றார். பிறகு, அன்பாக: “ஒற்றை.”

என் கையைச் சுவர் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அவர் சிரித்துவிட்டுப் போய் முன்வரிசையில் இருந்து செபம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் அடிதடிக்குப் போவது குறைவு. பெட்டிசம் அடிப்பார்கள். பெயர் போடாமல், ‘நலன்விரும்பி’ என்று முடித்து, அரசாங்கத்துக்கு ஒரு கடிதம். நலன்விரும்பிகளால் கெட்டவர்களைப் போல வேறு எதிரிகளால் யாரும் எங்கள் ஊரில் கெட்டதில்லை. திருநாள் முடிந்து ஒரு கிழமையும் ஆகவில்லை, பொலிஸ் சாஜன் சைக்கிளில் வந்து படலையில் நின்றார்.

“பெட்டிசம் ஒண்டு வந்திருக்கு. உங்கட சூல வால்வையும் கொண்டு நாளைக்கு ஸ்டேசனுக்கு வரட்டாம் எண்டு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னவர்.”

அவர் போன பிறகு நான் துணியை நனைத்தேன். மச்சான் என் கையைப் பிடித்தான்.

“துடைச்சால் சல்லித் திருவிழா போச்சு அத்தான். சம்மாட்டியார் வெறும் வால்வுக்கோ எங்களைக் கூப்பிடுறார்? செட்டை வித்துப்போட்டு நாங்கள் ரெண்டு பேரும் ஆரோ ஒருத்தற்ற வலையில கயிறு இழுக்கவேண்டியதுதான்.”

“துடைக்காட்டி மறியல் போச்சு.”

“மறியல் போகாது, வரும்,” என்றாள் மனைவி. “துடையுங்கோ. துடைச்சுப்போட்டு நிம்மதியா இருங்கோ.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேண்டாம், விடுங்கோ. துடைச்சாலும் நீங்கள் நிம்மதியா இருக்கமாட்டியள்,” என்றாள்.

துடைக்கவில்லை. வால்வைப் பஞ்சில் சுற்றி மா ரின்னில் வைத்துக் கொண்டுபோனேன். எந்த ஸ்டேசன் என்று சொல்லமாட்டேன். இப்போதும் எனக்கு அந்த வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

மச்சான் முன்னேற்பாடாகச் சம்மாட்டியாருக்குச் சொல்லியனுப்பியிருந்தான். அவர் வலைக்காரர்களோடு வந்து வாசலில் நின்றார். மூப்பரும் வந்திருந்தார். “இண்டைக்குச் சூலம் எண்டால் நாளைக்கு முடி. அதுதான் வந்தனான்,” என்றார். கொழும்புச் செட்டுக்காரர் வெள்ளைக் காற்சட்டையோடு உள்ளே ஏற்கெனவே கதிரையில் இருந்தார், நலன்விரும்பிக்கும் தனக்கும் ஒரு பழக்கமும் இல்லை என்ற முகத்தோடு.

இன்ஸ்பெக்டர் பெட்டிசத்தை வாசித்தார். அரசருடைய அடையாளம் போட்ட, இரண்டாம் அம்பு இல்லாத சாமான் எங்களிடம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. நான் ரின்னைத் திறந்து வால்வை எடுத்துக் கொடுக்குமுன், சம்மாட்டியார் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். விபூதிக் கை. காலை மேலே பிடித்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார்.

“பாருங்கோ ஐயா. இதை ஆராவது அம்பெண்டு சொல்லுவினமோ? அம்மன்ட சூலம்.” சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கண்களில் ஒற்றினார்.

“தலைகீழாப் பிடிச்சால் காகமும் கொக்குத்தான்,” என்று கொழும்புச் செட்டுக்காரர் எழும்பி வந்து வால்வைப் பறித்துத் திருப்பினார். பெருவிரலை அடையாளத்தின் மேலேயே வைத்து அழுத்திக் காட்டினார். “இதுதான் முனை. இதுதான் ரெண்டு பக்கக் கோடு. அம்பு, சேர்.”

“அப்பிடிப் பிடிக்கக் கூடாது. குடும் இஞ்ச,” என்று சம்மாட்டியார் அவர் விரலில் இருந்து உருவினார்.

“எனக்கும் ஒருக்காத் தாங்கோ,” என்றார் மூப்பர். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியாலேயே, தெளிவாகத் தெரியட்டும் என்று, வால்வையும் ஒரு துடை துடைத்தார். “நான் பக்கம் சாயேல்லை. ஆனால் ஒண்டு சொல்லுறன், இது முடி இல்லை.”

கொழும்புச் செட்டுக்காரர் மறுபடி பிடித்தார். சம்மாட்டியார் விடவில்லை. சாஜன் இடையில் புகுந்து, வியர்த்த கையால் வால்வைப் பொத்தி எடுத்தார். எல்லோர் கையையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மை எப்படிப்பட்டது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் மச்சானும் நானும்தான்.

“நிப்பாட்டுங்கோ,” என்றார் இன்ஸ்பெக்டர். “முதல்ல இதைச் சொல்லுங்கோ. இந்தச் சாமானுக்கு எது தலை, எது கால்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். நீர்தானே சொந்தக்காரன்?”

கால் மேலே என்று சொன்னால் சூலம். செட்டோடு வீட்டுக்குப் போகலாம். கால் கீழே என்று சொன்னால் அம்பு. மச்சான் கண்ணால் கூரையைக் காட்டினான், மேலே, மேலே என்று. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மன அமைதி வேண்டும்.

“கால் கீழ, சேர்,” என்றேன். “கால் எண்டால் கீழதான்.”

“பாத்தியளே,” என்றார் கொழும்புச் செட்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் வால்வைக் கால் கீழே வர மேசையில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார். கண்ணாடி வெறுமையாக இருந்தது. அம்பும் இல்லை, சூலமும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. சம்மாட்டியார் தன் விரலைப் பார்த்தார். கொழும்புச் செட்டுக்காரர் தன் பெருவிரலைப் பார்த்தார்; அதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைக் காற்சட்டையில் துடைத்தார். காற்சட்டையும் வெள்ளை.

எனக்கு மூச்சு வருமுன் இன்ஸ்பெக்டர் வால்வைத் தூக்கி, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினார். அவர் வீட்டிலும் ரேடியோ இருந்திருக்க வேண்டும். மை போனாலும் மை இருந்த இடம் கண்ணாடியில் இருக்கும். மூச்சு படிந்த ஈரப் புகாரில் அது தெரியும். அவருக்குக் கிட்ட நின்றவன் நான் மட்டும். புகாருக்குள் மூன்று கோடுகள் மெல்ல எழும்பி வந்து ஒரு முனையில் சேர்ந்தன. கீழே எண்ணும் தெரிந்தது. நான் அம்பைத்தான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் அவருடைய மேசைக் கால் இருந்தது. மேசைக் காலில் ஓர் அம்பு. இடது பக்கக் கோடு கட்டையாக இருந்தது; என் தகர அச்சு அந்தப் பக்கம் மடிந்துபோனதால் நான் போட்ட எல்லா அம்புக்கும் இடது கோடு கட்டை. ஒற்றை அம்பு. ஏலத்தில் மேசை விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால் கண்ணை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயந்தவனுடைய கண் அப்படிச் செய்யாது. அது அங்கேயே நின்றது. இன்ஸ்பெக்டர் என் கண் போன வழியே தானும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தி மேசைக் காலை மறைத்துக்கொண்டார். வால்வில் புகார் காய்ந்துகொண்டிருந்தது. பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து, வால்வை மேலிருந்து கீழே அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

“ஒண்டும் இல்லை,” என்றார்.

“சேர், நான் என்ட ரெண்டு கண்ணால...” என்று கொழும்புச் செட்டுக்காரர் முன்னுக்கு வந்தார்.

“பெட்டிசம் எழுதினது நீரோ?”

அவர் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

“அம்மன் தன்ட சூலத்தைத் தானே எடுத்துப்போட்டா,” என்றார் சம்மாட்டியார், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

“எடுத்தது ஆரெண்டு அவ்வளவு சுறுக்காச் சொல்ல ஏலாது,” என்றார் மூப்பர்.

“சாமானைத் திருப்பிக் குடும்,” என்றார் இன்ஸ்பெக்டர் சாஜனிடம்.

சாஜன் புத்தகத்தை விரித்தார். ஸ்டேசனுக்குள் வந்த சாமான் விவரம் எழுதாமல் வெளியே போக ஏலாதாம். “நம்பர் என்ன?” என்று கேட்டார்.

சம்மாட்டியார் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் கொழும்புச் செட்டுக்காரரைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தான். சூலம் என்றும் அம்பு என்றும் அத்தனை பேர் சத்தியம் செய்த சாமானில் என்ன எண் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை காலமும் அதையே பார்த்துப் பயந்துகொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

சாஜன் வால்வை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒருக்கா உருட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். “கண்ணாடிப் போத்தில் ஒண்டு. கால் எட்டு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. சரியோ?”

“சரி சேர்,” என்று கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்ததும் சம்மாட்டியார், “தம்பி, திருவிழாவுக்கு இதைத்தான் போடவேணும், விளங்கிச்சோ? அம்மன்ட கை பட்ட வால்வு,” என்று சொல்லி, அதை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். வாங்கியவர் ஒருக்காக் காலை மேலே பிடித்தார், பிறகு கீழே பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.